இரண்டாம் முறை தட்டிய கதவுகள்

கடந்த மாநகரசபைத் தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். ஒஸ்லோவின் வடகிழக்கில் அம்மருட் மாடிக் குடியிருப்புகளை விட்டு இறங்கி, முதுகில் பையுடன் ரயில் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். வடக்கே போகிற எண்ணம். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் முன்பு வேலை செய்திருக்கிறேன். கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பைக்குள் இரண்டு காற்சட்டை, ஒரு குளிர்ச்சட்டை, என் தாள்கள் போட்ட ஒரு பிளாஸ்டிக் உறை. அவ்வளவுதான்.

இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொழும்பில் பேக்கரி, தோஹாவில் கட்டட வேலை, இத்தாலியில் தக்காளித் தோட்டம், பிறகு நோர்வே. ஓரிடத்தில் ஏதாவது பிழையாகிப்போனால் அடுத்த நாள் அங்கே இருக்கமாட்டேன். சண்டை போடமாட்டேன், விளக்கம் சொல்லமாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். தோஹாவில் ஒரு கட்டடச் சாரம் சரிந்து விழுந்தது. அதைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அன்றைக்கே போய்விட்டேன். பெர்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கண்ணாடிப் பாத்திரங்கள் அடுக்கிய தட்டு முழுவதையும் கீழே போட்டேன். அன்றைக்கும் அப்படித்தான்.

இந்த முறை நான் கீழே போட்டது ஒரு பெண்ணின் தேர்தல்.

அவரை எனக்கு அந்த வசந்த காலத்தில்தான் தெரியும். குரோருட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர், அதிகம் சிரிக்காதவர். மாநகரசபைக்கு ஒரு கட்சியின் பட்டியலில் நின்றார். பட்டியலில் முப்பத்துநான்காவது பெயர். இங்கே வாக்காளர் விரும்பிய கட்சியின் தாளை எடுத்து, அதிலிருக்கிற பெயர்களில் பிடித்தவருக்கு நேரே அடையாளம் இடலாம். போதிய அடையாளம் விழுந்தால் கீழே இருக்கிற பெயரும் மேலே ஏறி வரும். எங்கள் ஆட்கள் ஒன்றாக நின்றால் அவருக்கு இடம் கிடைக்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் அகதிகளாக வந்த எங்கள் ஆட்களுக்கு இப்போது வயது போகிறது. ஞாபகம் பிசகும்போது, பிந்திப் படித்த நோர்வேஜிய மொழிதான் முதலில் போகும். மிஞ்சுவது தமிழ். முதியோர் இல்லத்தில் அந்தத் தமிழைக் கேட்க ஆள் வேண்டும். எங்களுக்கு மட்டுமல்ல, சோமாலியருக்கும் பாகிஸ்தானியருக்கும் இதே பிரச்சினைதான். தாய்மொழி தெரிந்த பணியாளரை ஒவ்வொரு இல்லத்திலும் வைக்கவேண்டும் என்று சபையில் எழுந்து பேசவேண்டும். அதற்காகத்தான் நின்றார்.

நான் அப்போது அம்மருட்டில் ஒரு நண்பனின் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு, கிடைத்த நாளில் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்கிறதைக் கண்ட அவர், தமிழ்க் குடும்பங்களின் கதவுகளைத் தட்டி விளங்கப்படுத்த முடியுமா என்று கேட்டார். என்னை நம்பி யாரும் அப்படி ஒரு காரியம் தந்ததில்லை. ஓம் என்றேன்.

தேர்தல் வேலை செய்பவர்களுக்காக ஒரு கூட்டம் வைத்தார். நான் பிந்திப் போனேன். பேச்சு முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய படமும் பெயரும் போட்ட, நோர்வேஜிய மொழித் துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். தேர்தல் எனக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஊர்த் தேர்தல். அங்கே வேட்பாளருக்குப் பெயரை விட இலக்கம்தான் பெரிது. சுவரில் இலக்கம், ஒலிபெருக்கியில் இலக்கம், அந்த இலக்கத்துக்குப் புள்ளடி. அதனால் அந்தத் துண்டுப்பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நானே ஒரு தாளில் பெரிதாக 34 என்று எழுதி, பக்கத்தில் × போல ஒரு புள்ளடி வரைந்து, நூலகத்தில் பிரதி எடுத்தேன். “எங்கடை ஆள். முப்பத்திநாலு. மறந்திடாதேங்கோ.” இவ்வளவுதான் என் பிரசாரம். ஆட்களுக்கும் பிடித்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார்கள். மூன்று வாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கதவுகள். எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மின்தூக்கிக்குள் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். நான் போன முதல் வீடுகளில் ஒன்று அவருடையது. முன்கூட்டியே வாக்களிக்கும் இடம் கடைத்தொகுதியில் இருந்தது. போய்ப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“தம்பி, நீர் சொன்ன மாதிரியே முப்பத்திநாலுக்குக் கீறிப்போட்டு வந்திட்டன்” என்றார். “ஆனா அதிலை ஒரு வெள்ளைக்காரற்றை பேர்தான் கிடந்தது. சரி, பிள்ளை இஞ்சத்தைக்கு ஏத்த மாதிரிப் பேரை மாத்தி வைச்சிருக்குதாக்கும் எண்டு நினைச்சன்.”

எந்தத் தாளை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் முப்பது வரியமா எடுக்கிற தாள்தான். வேறை எதை எடுக்கிறது?”

முப்பத்துநான்கில் வேறு பெயர் கிடந்ததென்றால் அது வேறு கட்சியின் தாள்.

எல்லாக் கட்சித் தாளிலும் ஒரு முப்பத்துநான்கு இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா யாரென்றே தெரியாத ஒரு நோர்வேஜியருக்கு அடையாளம் இட்டுவிட்டு, தமிழருக்கு உதவின சந்தோஷத்தில் நிற்கிறார்.  கடைத்தொகுதிக்கு ஓடிப்போய், வாக்களிப்பு மேசையில் இருந்தவரிடம் தெரிந்த மொழியில் கேட்டேன், போட்டதை மாற்றிப் போடலாமா என்று. முடியாது என்றார். பெட்டிக்குள் போனால் போனதுதான்.

மேலே போய்ப் பையை எடுத்தேன். நண்பன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க்காரன்.

“எங்க மச்சான்?”

“வடக்குக்கு.”

“மறுகா எப்ப வருவாய்?”

பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த நடையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

ரயில் மேடையில் ஒரு குடும்பம் நின்றது. கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள். கண்டதும் அடையாளம் தெரிந்தது. அவர்கள் வீட்டிலும் போய்த் தேநீர் குடித்திருந்தேன். திரும்பி நின்றேன். ஆனால் கணவன் கண்டுவிட்டார்.

“தம்பி! முப்பத்திநாலுதானே? திங்கக்கிழமை எல்லாருக்கும் வேலை. அதுதான் இண்டைக்கே நகரத்திலை போய்ப் போடுவம் எண்டு வெளிக்கிட்டனாங்கள். எங்கடை வீட்டு நாலு வோட்டும் விழும், யோசிக்காதையும்.”

தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம். ரயில் வர இரண்டு நிமிடம் இருந்தது. அந்த நான்கு பேரையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொன்னேன். முதலில் கட்சித் தாள், பிறகு அதில் அந்தத் தாதியின் பெயர். இலக்கத்தைப் பார்க்கவேண்டாம், பெயரைப் பாருங்கள்.

கணவனின் முகம் மாறியது. “என்ன ஐசே, அண்டைக்குத் தாளைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லையே நீர். லொத்தர் சீட்டு விக்கிறவன் மாதிரி முப்பத்திநாலு, முப்பத்திநாலு எண்டு கத்திப்போட்டெல்லோ போனனீர்.”

“நல்ல காலம், இந்த மனுசன் எதுக்கும் பிந்திறது” என்றார் மனைவி. “போன கிழமை போயிருந்தா நாலும் போயிருக்கும்.”

பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப மற்ற வீடுகளுக்கும் இப்பிடித்தான் சொன்னனீரோ?”

“ஓம்.”

“பையைத் தூக்கிக்கொண்டு எங்கை போறீர்?”

ரயில் வந்தது. கதவு திறந்தது. அவர்கள் ஏறினார்கள். ஏறின பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏறப்போகிறேனா இல்லையா என்று. கதவு மூடியது. நான் மேடையில்தான் நின்றேன்.

ஏன் ஏறவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. தோஹாவில் விழுந்த சாரத்தையும் பெர்கனில் உடைந்த கண்ணாடியையும் திருப்பி ஒட்ட வழி இருக்கவில்லை. இங்கே அந்த நான்கு பேரை ஒரு நிமிடத்தில் திருத்த முடிந்தது. திங்கட்கிழமை வரைக்கும் நாட்கள் இருந்தன. ஓடுவதற்குச் சாட்டே கிடைக்கவில்லை.

நேராகக் குரோருட்டுக்கு நடந்தேன். முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் அவர் ஒருவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கையைக் கழுவிப்போட்டு வாறன். அதிலை நில்லும்.”

நடைபாதையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.  

“எத்தினை வீடு?”

“நாப்பது. கூடவும் இருக்கும்.”

“எழுதி வைச்சனீரோ?”

“இல்ல.”

“அண்டைக்குக் கூட்டத்திலை அரை மணித்தியாலம் தாளைக் கையிலை வைச்சு விளங்கப்படுத்தினனான். நீர் எங்கை நிண்டனீர்?”

பிந்தி வந்ததைச் சொன்னேன்.

“பிந்தி வந்தா ஒருத்தரைக் கேட்கிறதுக்கு என்ன? வாய் இல்லையோ?”

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு முதியவர் தமிழில் கூப்பிட்டார். “பஸ் வந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை ஐயா. வந்தாக் கூப்பிடுறன்” என்றார் அவர், குரலை மாற்றி. முதியவர் அமைதியானார். தாதி பிறகு என் பக்கம் திரும்பி, அந்த மாடியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்றார். தான் இல்லாத நாட்களில் அந்த ஐயா பஸ்ஸைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போவார் என்றும், மற்றவர்கள் அவருக்கு எங்கேயோ வலிக்கிறதாக்கும் என்று நினைப்பார்கள் என்றும் சொன்னார். அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் நான் எதை உடைத்தேன் என்று எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது.

தன் பையிலிருந்து கட்சித் தாளின் மாதிரி ஒன்றை எடுத்துத் தந்தார்.

“சனி ஞாயிறு ரெண்டு நாளும் எனக்கு வேலை. என்னாலை வரேலாது. நீர் போன கதவுக்கு நீர்தான் போகோணும். வந்து சொன்னதுக்கு நன்றியெல்லாம் சொல்லமாட்டன். போய்த் தட்டும்.”

பையை நண்பனின் வீட்டில் வைத்துவிட்டு அன்று பிற்பகலே தொடங்கினேன்.

ஒருவருடைய கதவை முதல் தடவை தட்டுவது லேசு. இரண்டாம் தடவை, நான் சொன்னது பிழை என்று சொல்லத் தட்டுவது வேறு. வீட்டு இலக்கங்கள் ஞாபகம் இல்லை. வாசல் மணிப்பலகைகளில் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடி அமத்தினேன். கதவு திறந்ததும் முதலில் என் பழைய தாளைத் திருப்பிக் கேட்பேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து தருவார்கள். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மாதிரித் தாளை விரித்துக் காட்டுவேன்.

“போன கிழமை ஒண்டு, இந்தக் கிழமை ஒண்டு. நாளைக்கு என்ன இலக்கத்தோடை வருவீர்?” என்றார் ஒருவர்.

“நீர் மற்றக் கட்சிக்காரரிட்டைக் காசு வாங்கினனீரோ?” என்றார் இன்னொருவர். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் இல்லையென்று இரண்டு தடவை சொன்னேன்.

சில வீடுகளில் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். சரியான தாளில் போட்டவர்களும் இருந்தார்கள்; அது அவர்களுடைய சொந்தப் புத்தி. பிழையாகப் போட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு அக்கா, எனக்கு முன்னாலேயே கணவனைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னனான், இந்த ஆளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு” என்றார். அதற்கும் ஓம் என்றேன். ஒரு வீட்டில், தாங்கள் எப்போதும் போடுகிற கட்சியை மாற்றமாட்டோம் என்று தெளிவாகச் சொன்னார்கள். அது அவர்களுடைய உரிமை. அப்படியென்றால் அந்தத் தாளில் நீங்கள் அறிந்த யாருக்காவது கீறுங்கள், இலக்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை கதவைத் திறந்தாள். நான் விளக்கி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள். என் விளக்கத்தில் இரண்டு பிழைகளைத் திருத்தினாள். பிறகு, “அங்கிள், நீங்கள் எப்ப போடப்போறீங்கள்?” என்றாள்.

எனக்கு நோர்வேக் குடியுரிமை இல்லை என்றேன்.

“கொம்யூனவால்க், மாநகரசபைத் தேர்தல்தானே, அதுக்குக் குடியுரிமை தேவையில்லை, அங்கிள். மூண்டு வருசம் விடாமல் இஞ்சை பதிஞ்சு இருந்தாச் சரி. எத்தினை வருசம் நீங்கள்?”

ஆறு, ஒஸ்லோ முகவரி வசந்தத்திலேயே பதிந்தது என்றேன்.

“பிறகென்ன? ஊருக்கெல்லாம் வோட் போடச் சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்!” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஊரில் வாக்களிக்கும் வயது வருவதற்கு முன்பே வெளியேறினவன் நான். வேறெந்த நாட்டிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்றேன். தடுப்புக்குள் போய்ச் சரியான தாளை எடுத்து, அவருடைய பெயருக்கு நேரே கீறி, மடித்துக்கொண்டு வந்தேன். மேசையில் இருந்த நோர்வேஜியப் பெண்மணி தாளின் மேல் முத்திரை குத்தினார். பெட்டிக்குள் போட்டேன். போட்டுவிட்டு அவருக்கு முன்னால் இடது கைச் சின்ன விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் பெரியவர்கள் விரலில் மையோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவன். கை தானாக நீண்டுவிட்டது. அவர் விரலை உற்றுப் பார்த்தார். காயமா என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து, கவனமாகச் சுற்றி ஒட்டிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுவதும் அந்தப் பிளாஸ்டரோடுதான் மிச்சக் கதவுகளைத் தட்டினேன்.

பின்னேரம் ஆறு மணிபோல தாதி தொலைபேசியில் அழைத்தார்.

“முடிஞ்சுதோ?”

“ஒரு வீட்டில ஆள் இல்ல. நாலு தரம் போயிட்டன்.”

“அஞ்சாம் தரமும் போம். எட்டு மணிக்கு முதல் வருவினம்.”

போனேன். வந்திருந்தார்கள். அவர்கள் இன்னும் போட்டிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்; நான் வாசல் வரைக்கும் கூடப் போனேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெயர்களுக்கு விழுந்த அடையாளங்களை எண்ணி முடிக்க மேலும் சில நாட்கள் எடுத்தன. அவர் முப்பத்துநான்கிலிருந்து வெகு மேலே ஏறி வந்திருந்தார். ஆனால் சபைக்குத் தெரிவாகவில்லை. பதிலாள் வரிசையில் இடம் கிடைத்தது. உறுப்பினர் ஒருவர் வராத நாளில் போய் அமரலாம், பேசலாம். ஒருமுறை அப்படிப் போய்ப் பேசவும் செய்தார். நான் பாழாக்கிய வாக்குகள் அவருக்கே விழுந்திருந்தால் உள்ளே போயிருப்பாரா? எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. அதை அவரும் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் அந்த முடிவெல்லாம் வருவதற்கு முன், அந்தத் திங்கட்கிழமையே, கடைசி வீட்டை முடித்துவிட்டேன் என்று சொல்ல அவரை அழைத்தேன். சரி என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“எங்கடை இடத்திலை துப்புரவுக்கு ஆள் ஒண்டு வேணும். பொறுப்பாளரிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். நாளைக்குக் காலமை ஏழு மணி.”

 “நீங்க வெண்டா அங்க நிக்கமாட்டீங்கதானே?” என்று ஏதோ கேட்டேன்.

“வெண்டாலும் தோத்தாலும் நாளைக்கு எனக்குக் காலமை வேலை. நிலமும் ஊத்தையாத்தான் கிடக்கும்.” பிறகு சொன்னார், “வடக்குக்குப் போறதெண்டா இப்பவே சொல்லும். வேறை ஆளைப் பாக்கோணும்.”

வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் நின்றேன். ஒரு நீலச் சட்டையும் வாளியும் துடைப்பமும் தந்து, மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். நடைபாதையில் பாதி துடைத்திருப்பேன், அவர் மருந்துத் தட்டோடு வந்தார். காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஈரத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போனார். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். நான் பிழைவிட்ட ஒருவரின் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டி வரும் என்று தெரிந்துகொண்டே ஏற்றுக்கொண்ட வேலை அது ஒன்றுதான், இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன்.